பாதுகாப்புக்கு இன்னொரு டேக்

ரப்பர் உடைக்குள் ஆளை இறக்குவதற்கு முன் உடம்பெல்லாம் பவுடர் கொட்ட வேண்டும். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் தோல் உரிந்துவிடும். மணிலா பக்கம் லகூனாவில் முப்பது வருஷம் சினிமாவுக்கு இந்த வேலை பார்த்தேன். என் உடைக்குள் போன யாருக்கும் தோல் உரிந்ததில்லை. அதையும் உங்கள் கேமராவில் பதிந்துகொள்ளுங்கள், தம்பி.

அந்தப் படத்தைப் புது டிஸ்க்காக வெளியிடுகிறீர்களாம். மிருகம் சாகிற காட்சி எப்படி அவ்வளவு நிஜமாக வந்தது என்று கேட்கிறீர்கள். தியேட்டர் வாசலையே மிதிக்காத படம் அது, நேராக வீடியோ கேசட்டில் வந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய மிருகத்தைச் சிப்பாய்கள் காட்டில் துரத்திச் சுடுவார்கள். கதை அவ்வளவுதான்.

மிருகத்துக்குள் இருந்தவன் தென்சியோ. எங்கள் ஆற்றில் படகு தள்ளியவன். அவன் மகள் லிகாயாவுக்கு நான்தான் ஞானத்தகப்பன். நினோங் என்று கூப்பிடுவாள். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

உடை ஒன்றே ஒன்றுதான். முதுகில் ஜிப்பை இழுத்து, மேலே ரப்பர் பால் பூசி ஒட்டிவிடுவேன். செய்தவனைத் தவிர வேறு எவனும் அதில் கை வைக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதற்கு முந்தின படத்தில் ஒருத்தன் அவசரப்பட்டுக் கிழித்ததில் ஒன்பது நாள் ஷூட்டிங் நின்றது. அதிலிருந்து டைரக்டர்கூட என்னைக் கேட்காமல் தொடமாட்டார்.

கடைசி நாள் சித்திரை வெயில் மாதிரி ஒரு வெயில். தென்சியோ குண்டடி பட்டு ஆற்றங்கரைச் சேற்றில் விழுந்து புரண்டான். கைதட்டினார்கள். நான் போய் ஜிப்பைத் திறந்தேன். அவன் உடம்பில் வேர்வை நின்றுபோயிருந்தது. ரப்பர் வேலை செய்கிறவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

"போதும்ணே," என்றான். "நெஞ்ச அடைக்குது. இனிமே என்னால ஆகாது."

டைரக்டரும் போதும் என்றுதான் சொன்னார். இன்னொரு டேக் கேட்டவன் நான். பாதுகாப்புக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பையன் தாங்குவானா என்று கேட்டார். தாங்குவான் என்றேன்.

முதல் டேக்கில் கழுத்துப் பக்கம் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. பத்து நாடுகளில் ஓடப்போகிற கேசட்டில் என் வேலை சாக்குப்பை மாதிரித் தெரிவதா? நீங்களே சொல்லுங்கள்.

அவனுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துவிட்டு ஜிப்பை ஏற்றினேன். கழுத்தை நன்றாக இழுத்து ஒட்டினேன்.

இரண்டாவது டேக்கில் அவன் நெஞ்சைப் பிறாண்டினான். பிரமாதமாக இருந்தது. கட் சொன்ன பிறகும் கை அசைந்துகொண்டிருந்தது. லைட்காரன் ஒருத்தன் கத்தியோடு ஓடிவந்தான்.

"தொடாதடா, கிழிஞ்சிடும்," என்றேன். அவன் நின்றுவிட்டான். சட்டம் எல்லாருக்கும் தெரியுமே.

எண்ணெய் தடவி, ஓரத்தை மெதுவாக உரித்துத் திறந்தேன். உள்ளே உடம்பு கொதித்தது, மூச்சு இல்லை. பலவீனமான இதயம் என்று அவன் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். படத்தில் மிருகம் விடுகிற கடைசி மூச்சு அவனுடையதுதான். மைக்கில் விழுந்ததை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பவுடர் டப்பாவைத் திறந்தால் அந்த மூச்சு கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து லிகாயாவை மணிலாவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். டிரைவர் அந்தக் கேசட்டைப் போட்டார். அவளுக்கு ஒன்பது வயது. அது எங்கப்பா என்று பஸ் முழுக்கச் சொன்னாள். அவன் நெஞ்சைப் பிறாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நினோங், அப்பா நல்லா நடிக்கிறாரு இல்ல?"

"ரொம்ப நல்லா," என்றேன்.

அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொல்லி கண்டக்டரிடம் கேட்டாள். குழந்தையோடு வந்தவன் என்பதால் அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தடவை கழுத்தை மட்டும் பார்த்தேன், தம்பி. ஒரு மடிப்புகூட இல்லை.