அழிஞ்சுபோன ஃபோல்டர்

மருமகள்: ...முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் சொல்றேன்.

மகன்: தண்ணியெல்லாம் வேண்டாம். என் லேப்டாப் ஏன் அம்மாவோட தையல் மிஷின் மேல இருக்கு?

மாமியார்: கத்தாதடா. அவ மேல தப்பில்ல. யோசனை என்னுது.

மகன்: என்ன யோசனை?

மாமியார்: என் தையல் கடைக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் குடுடான்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்? "அப்புறம் பார்க்கலாம்மா, அதெல்லாம் உனக்குப் புரியாது"ன்னே தட்டிக் கழிச்ச. அதான், நாங்களே ஆரம்பிச்சுட்டோம்.

மகன்: நீங்களா! ரெண்டு பேருமா? எதுல?

மருமகள்: உங்க ஆபீஸ்ல எல்லாரும் இனிமே இதுலதான் வெப்சைட் பண்ணணும்னு ஒரு ஃபிரேம்வொர்க் சொன்னாங்கல்ல? அதுலதான். லேப்டாப்புல ஏற்கனவே கிடந்துச்சு.

மாமியார்: எனக்குத் தெரிஞ்ச ஃபிரேம், எம்பிராய்டரிக்குத் துணிய இழுத்துப் பிடிக்கிற வளையம். இதுவும் அப்படித்தானாமே? சட்டத்த அது குடுக்கும், பூவ நாம போட்டுக்கணும்.

மகன்: பூ... சரிம்மா. இப்ப எதுக்கு ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறீங்க?

மருமகள்: அது ஒரு பேர் வைக்கச் சொல்லுச்சு. வெச்சோம். அந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு ஃபோல்டர் இருக்குன்னுச்சு...

மகன்: எந்தப் பேர்?

மருமகள்: ...'புதுசு'.

மகன்: அதுவா!

மருமகள்: காலி பண்ணிட்டேன்.

மாமியார்: என்னடா, மூஞ்சி இப்படிப் போகுது?

மகன்: அம்மா... அது என் ஆபீஸ் வேலை. இந்த மாசம் பூரா கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தது அதுக்குத்தான்.

மருமகள்: ஐயையோ. எல்லாமே அதுலதான் இருந்துச்சா?

மகன்: எல்லாமே. முதல் பக்கம், ஆர்டர் போடுற பக்கம், அப்புறம் அந்த... இன்னொரு பக்கம். இழைச்சு இழைச்சு வெச்சிருந்தேன்.

மருமகள்: வேற எங்கயாவது ஒரு காப்பி வெச்சிருப்பீங்களே?

மகன்: வெச்சிருப்பேன்... இல்ல, வெக்கல. அதான் சொல்றேனே, போச்சு!

மாமியார்: அடப்பாவமே. இப்ப என்ன பண்றது?

மகன்: என்ன பண்ண... திங்கக்கிழமை மேனேஜருக்குக் காட்டணும். நடந்ததச் சொல்லி டைம் கேட்டுக்குறேன். வீட்ல தெரியாம அழிச்சுட்டாங்கன்னா, அந்த மனுஷனும்தான் என்ன சொல்லிடப் போறாரு?

மருமகள்: என் பேரச் சொல்லுவீங்களா?

மகன்: சேச்சே. 'மனைவி'ன்னு பொதுவா சொல்லிக்குறேன்.

மாமியார்: சனிக்கிழமை உங்கக்கா வீடு மாத்துறாளே? பீரோ தூக்க நீ வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

மகன்: இந்த நெலமையில எப்படிம்மா? எனக்கும் ஆசைதான்...

மருமகள்: பாவம், ஒதடு துடிக்குது. சிரிப்பா?

மகன்: அழுகைய அடக்கிட்டிருக்கேன்.

மருமகள்: சரி, அடக்குங்க. அந்த முதல் பக்கம் என்ன கலர்ல இருந்துச்சு?

மகன்: கலரா?... நீலம்.

மாமியார்: என்ன நீலம்? வானமா, மயில்கழுத்தா?

மகன்: ரெண்டுக்கும் நடுவுல... ஏம்மா, இழவு வீட்ல வந்து கலர் விசாரிக்கிற?

மருமகள்: அத்தை, போதும். சிரிப்ப அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலிக்குது. ஏங்க, நான் எதையும் அழிக்கல.

மகன்: என்னது?

மருமகள்: வேற பேர் வெச்சு ஓரமா நகர்த்தி வெச்சேன். நகர்த்துறதுக்கு முன்னாடி தொறந்தும் பார்த்தேன். உள்ள ஒரே ஒரு ஃபைல். அதுலயும் வெறும் வெள்ளை.

மாமியார்: நீலம் எங்கடா?

மகன்: அம்மா... விடும்மா.

மருமகள்: லேப்டாப்ப தொறக்காதீங்க, கைய எடுங்க. எங்க வெப்சைட் மத்தியானமே ஓட ஆரம்பிச்சுடுச்சு. நீங்க உள்ள உட்கார்ந்து என்னதான் பண்ணினீங்க? சொல்லுங்க.

மகன்: ...மீட்டிங்ல "இந்த ஃபிரேம்வொர்க் யாருக்குத் தெரியும்"னு மேனேஜர் கேட்டாரு. சுத்தி இருக்குறதெல்லாம் சின்னச் சின்னப் பசங்க. நான் கையத் தூக்கிட்டேன்.

மாமியார்: தெரியாமயேவா?

மகன்: ரெண்டு நாள்ல கத்துக்கலாம்னு நெனச்சேன்மா. வீட்டுக்கு வந்து ஆரம்பிச்சா... முதல் அடியிலயே தப்பு தப்புன்னு திரை பூரா சிவப்பு எழுத்து. மொத்தத்தையும் தூக்கிட்டுத் திரும்பப் போட்டேன். திரும்பவும் சிவப்பு. பழைய முறையில கண்ண மூடிட்டு வேலை செய்வேன். இதுல கைய வைக்கவே பயமா இருக்கு.

மருமகள்: ஆபீஸ்ல யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?

மகன்: தெரியும்னு கையத் தூக்கினவன் போய்க் கேட்க முடியுமா? தினமும் கதவைச் சாத்திக்கிட்டு அந்தச் சிவப்பையே பார்த்துட்டிருந்தேன். பேர் மட்டும் மாத்தி மாத்தி வெச்சேன். 'புதுசு'தான் கடைசி.

மாமியார்: எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடா.

மகன்: உனக்குப் புரியாதுன்னு சொன்னவனே நான்தான். எனக்கே புரியலன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்து நிக்கிறது?

மருமகள்: ...இந்த மூஞ்சியே நல்லாத்தான் இருக்கு.

மகன்: சிரிச்சு முடிச்சாச்சா ரெண்டு பேரும்? முடிச்சுட்டு, உங்களுத எப்படி ஓட வெச்சீங்கன்னாவது காட்டுங்க.

மருமகள்: அது வந்து... அத்தை, நீங்களே சொல்லிடுங்க.

மாமியார்: எங்கடா ஓடுச்சு? அப்படிச் சொன்னாத்தான் நீ வாயத் தொறப்பேன்னு இவதான் சொன்னா. காலையிலேர்ந்து எங்களுக்கும் அதே சிவப்புதான். அந்த நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டு உட்காரு.