பத்தரை மணிப் பாடம்

வாக்குமூலம் கொடுப்பவர்: பள்ளியின் தன்னார்வ ஆசிரியை, வயது 22, திருமணமாகாதவர், தகப்பனார் தையல்கடைக்காரர். தற்போதைய முகவரி: பள்ளி விடுதி, மாடி, இரண்டாவது அறை. பெயரும் சொந்த நாட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. வழக்கில் பத்து வயதுச் சிறுமி இருப்பதால் இதில் யாருடைய பெயரும் எழுதப்படவில்லை. இன்று காலை பதினொன்றேகால் மணிக்குத் தானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் அம்மா முன்னிலையில் சொன்னது:

நேற்று மதியம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் பொய். அதை நம்பித்தான் பள்ளியின் சமையல்கார அக்காவை நேற்றிலிருந்து இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். சிறுமியை அறைக்குள் அடைத்தது அவர் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லும்படி ஆய்வாளர் அம்மா சொன்னதால் அப்படியே சொல்ல முயல்கிறேன்.

கல்லூரி முடித்துவிட்டு, வேலைக்குப் போவதற்கு முன் ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நம் பாஷை பேசுகிறவர்கள் பிழைக்க வந்த இந்த ஊரில், அவர்கள் பிள்ளைகளுக்கு நடக்கும் பள்ளி என்று விளம்பரத்தில் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் பாடம், இரண்டு நாள் அருவி, கோட்டை, தீவு என்றும் போட்டிருந்தார்கள். "ஊர் சுத்தப் போறேன்னு நேரா சொல்லேன், எதுக்கு இந்த டீச்சர் வேஷம்?" என்று அப்பா கேட்டார். கேட்டாரே தவிர, எனக்கு ஐந்து சுடிதார் தைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார். நான்கு மாதங்களுக்கு முன்பு வந்து இறங்கினேன். அன்றைக்கே பள்ளி மேனேஜர் பதிவுக்கு வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டே நாளில் தருவதாகச் சொன்னார்.

அதன் பிறகு அது வரவில்லை. வெளியே போக மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தால்தான் காவலாளி கேட்டைத் திறப்பார். சனி ஞாயிறு மேனேஜர் வரமாட்டார். மற்ற நாட்களில் எனக்கு வகுப்பு. ஆக, அருவியும் கோட்டையும் தீவும் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படங்களில்தான் நான் பார்த்தேன். போன் சிக்னலும் அந்த அறையில்தான் கிடைக்கும். அம்மா, "அருவி பாத்தியாம்மா?" என்று கேட்பார். மேனேஜர் எதிரே உட்கார்ந்து ஃபைல் புரட்டிக்கொண்டிருப்பார். "பாத்தேன்மா, சூப்பரா இருந்துச்சு" என்பேன். போனை வைத்ததும் மாடிக்குப் போய் அழுவேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பாடம் நடத்தும் விதத்தையும் சொல்ல வேண்டும். தினமும் காலை பத்தரைக்குச் சுற்றுலா வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளியைப் பார்க்க வருவார்கள். பின் பெஞ்சில் உட்காருவார்கள். அவர்கள் முன்னால் நான் நடத்த வேண்டியது ஒரே கணக்கு, பதினேழும் எட்டும் எவ்வளவு என்பது. பலகையில் அதைச் சாக்பீஸில் எழுதவில்லை, வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். நான் கேட்டதும் ஒரு சிறுமி எழுந்து இருபத்துநான்கு என்று தப்பாகச் சொல்ல வேண்டும். வந்தவர்களில் ஒருவரை நான் முன்னால் கூப்பிட வேண்டும். அவர் விரல் விட்டு எண்ணிச் சொல்லித் தருவார், உடனே சிறுமி இருபத்தைந்து என்பாள், எல்லோரும் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டு, போகும்போது அலுவலகத்தில் நன்கொடை கொடுப்பார்கள். அந்தச் சிறுமியை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். என் கணக்குப்படி எண்பது முறைக்கு மேல் அவளைத் தப்பு சொல்ல வைத்திருக்கிறேன். படிப்புச் சொல்லித் தர வந்தவள் செய்கிற வேலையா இது என்று எனக்கே கேவலமாக இருந்தது. அதனால் மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குப் பெருக்கல், வகுத்தல் சொல்லித் தந்தேன். வாலு கற்பூரம், சொன்னதும் பிடித்துக்கொள்வாள்.

முந்தாநாள் பத்தரைக்கு வேன் வந்தது. நான் கணக்கைக் கேட்டேன். வாலு எழுந்து, "இருபத்தஞ்சு டீச்சர். நேத்தும் இருபத்தஞ்சுதான். வகுத்தல் கேளுங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின் பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் தொள்ளாயிரத்து முப்பத்தாறை எட்டால் வகுக்கச் சொன்னார். வாலு பெயின்ட் கணக்குக்குக் கீழே போட்டு, நூற்றுப்பதினேழு என்று எழுதினாள். அதன் பிறகு கூட வந்த ஒரு அம்மாள் பலகை அருகில் வந்து, பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தினமும் இதே கணக்கா?" என்று கேட்டார். வாசலில் நின்ற மேனேஜர், "பழைய பலகை மேடம்" என்று சொல்லி எல்லோரையும் வேனுக்கு அழைத்துப் போனார்.

மதியம் வாலு வகுப்புக்கு வரவில்லை. எங்கள் வகுப்புச் சுவருக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான் அறை இருக்கிறது, மேலே தகரம். இரண்டு மணிக்கு அங்கிருந்து தட்டும் சத்தம் கேட்டது. போய் மேனேஜரிடம் கேட்டேன். "கொஞ்சம் யோசிக்கட்டும் டீச்சர். நீங்களும் யோசிங்க. உங்க பாஸ்போர்ட் விஷயமா நானே பேசணும்னு இருந்தேன்" என்றார். திரும்பி வந்துவிட்டேன். சத்தம் மற்ற பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்று வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லச் சொன்னேன். எட்டாம் வாய்ப்பாடு முடிந்தும் தட்டல் நிற்காததால் மூன்று மணிக்கு அந்த அறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். "டீச்சர், உள்ளே வேகுது" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ வாலு, மேனேஜர் வந்து தொறப்பார்" என்றேன். அதன் பிறகு தட்டும் சத்தம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான்கு மணி வாக்கில் தொப்பென்று ஏதோ விழுந்தது. நான் ஓடுவதற்குள் சமையல்கார அக்கா கேஸ் அடுப்பு ஸ்பானரோடு வந்து பூட்டை அடித்து உடைத்தார். வாலு ஒன்றன்மேல் ஒன்றாகப் பெஞ்சை அடுக்கி ஏறி, மேல் ஜன்னலைப் பிடிக்கப் போய் விழுந்திருந்தாள். வலது கை முறிந்திருந்தது, நினைவு இல்லை. "பச்சப் புள்ளைய வேக வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?" என்று அக்கா எல்லோரையும் பார்த்துத்தான் கத்தினார். அதன் பிறகு அவரே தூக்கிக்கொண்டு, காய்கறி இறக்க வந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். வாலு இன்னும் பேசும் நிலையில் இல்லை.

நேற்று மதியம் மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் என் பாஸ்போர்ட், இன்று மதியம் ஒரு மணி விமானத்துக்கு டிக்கெட், டைப் செய்த ஒரு தாள் மூன்றும் இருந்தன. சர்க்கரை எடுத்ததற்காகச் சமையல்கார அக்கா சிறுமியை அறைக்குள் தள்ளிப் பூட்டியதை நான் பார்த்ததாகத் தாளில் இருந்தது. "நான் பாக்கலையே சார்" என்றேன். "பாத்திருந்தா நாளைக்கு வீட்டுக்குப் போறீங்க. பாக்கலேன்னா விசாரணை முடியற வரைக்கும் இங்கதான்" என்றார். வீடு என்று அவர் சொன்னதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு வந்த காவலர், "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை எட்டு மணிக்குச் சுற்றுலா வேன் டிரைவர் என்னை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். "பாவம் டீச்சர், நாலு மாசமா நாலு சுவத்தையே பாத்துட்டுப் போறீங்க" என்று சொல்லி, வழியில் அருவிக்குத் திருப்பினார். சிமென்ட் மேடையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. டிரைவர் பக்கத்தில் நின்று, "சமையல்காரக்காவ உள்ளே வெச்சுட்டாங்க டீச்சர். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க தனியா கெடக்குது. எவளோ பாத்ததா எழுதிக் குடுத்திருக்கா. நாசமாப் போக" என்றார். "நான்தான் அண்ணே" என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய் வேனை எடுத்தார். நிலையத்துக்கு விடச் சொன்னேன். தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வரும்போது வாசல் பெஞ்சில் சமையல்கார அக்கா இருந்தார். "நீயாச்சும் என்னைப் பாக்க வந்தியே. மகராசியா இரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதிக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் அங்கே சொல்லவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வாக்குமூலத்தால் என்மேல் வழக்கு வரலாம் என்றும், அது முடியும்வரை நாட்டைவிட்டுப் போக முடியாது என்றும் ஆய்வாளர் அம்மா விளக்கிச் சொன்னார். பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்துவிட்டேன். இப்போது மணி ஒன்று ஐந்து.

படித்துக் காட்டிய பிறகு, யாரும் கேட்காமல் நானே சேர்க்கச் சொன்னது:

விளையாட்டு வகுப்பும் என்னுடையது. அதனால் அந்தச் சாமான் அறையின் இரண்டாவது சாவி நான் வந்த நாளிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. முந்தாநாள் மூன்று மணிக்கு, பொறுத்துக்கோ என்று சொன்னபோது, அது என் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து திறக்கவில்லை. கதவுப் பலகையில் இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு உண்டு. வாலு அதன் வழியாக முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சாவியைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

இதைச் சேர்க்காவிட்டாலும் மேனேஜர்மேல் வழக்கு நிலைக்கும் என்று ஆய்வாளர் அம்மா இரண்டு முறை சொன்னார். சேர்த்து எழுதச் சொன்னேன். இதில் உள்ள அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை.

(கையெழுத்து)
தன்னார்வ ஆசிரியை

ஒப்படைத்தவை: பாஸ்போர்ட் ஒன்று. சாவி ஒன்று.