நான் கேட்ட கதிரை

இல்லத் தம்பி, நான் போனில கேட்டது இந்தக் கதிரை இல்ல. பொலித்தீனும் கழட்டாம உழவு மிஷினுக்குப் புதுச் சீட்டு ஒண்டு பூட்டி வச்சிருக்கிறீங்க. வடிவாத்தான் இருக்கு, நான் குறை சொல்லேல்ல. கதிரைக்குச் சரியா வருமோ எண்டு நான் கேக்க, வயசு போன மனுசன், நாரி நோகுமாக்கும், மெத்தை கேக்கிறார் எண்டு நீங்க விளங்கிக்கொண்டீங்க. பிழை என்னிலதான். எனக்குப் போனில ஒண்டும் விளங்கப்படுத்த ஏலாது. அப்ப எந்தக் கதிரை எண்டோ? அதை விடுங்க, பிறகு சொல்லுறன். முதல்ல மிஷினுக்கு முன்னுக்கு இருக்கிற அந்த மண்ணள்ளுற பக்கட்டைத் தூக்குங்க.

ஓம், அவ்வளவு காணும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேல வந்தாக் காணும். இப்ப எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வாங்க. இந்தப் பூவரசந் தடியைப் பக்கட்டுக்குக் கீழ நட்டமா வைக்கிறன், பாருங்க, இடையில ஒரு விரல் நுழையும். இனி ஒருத்தரும் தொடக் கூடாது. நாங்க அந்த வேம்பு நிழலில இருந்து பிளேன்டியைக் குடிப்பம். குடிச்சு முடிய வந்து பாப்பம். பக்கட் தானாப் பதிஞ்சு தடியில முட்டியிருந்தா, அதைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய் உள்ளுக்குக் கசியுது எண்டு அர்த்தம். நான் பேசாம பஸ் ஏறிடுவன், நீங்க கோவிக்கக் கூடாது.

உங்களில சந்தேகம் எண்டு இல்ல, நிப்றாஸ் தம்பி. உங்கட வாப்பாவை எனக்குத் தெரியும், வெருகலுக்கு நெல்லெடுக்க வாற காலத்தில எங்கட வளவிலதான் லொறி நிப்பாட்டுறவர். ஆனா நான் அலைஞ்சு களைச்சுப் போனன். முன்னுக்குப் பக்கட் பூட்டின பழைய மிஷின் எண்டா எங்கட பக்கம் அருமை. திரியாயில ஒண்டு நிக்குதெண்டு சொன்னாங்கள். வெருகலில இருந்து திரியாய் எண்டா மாவட்டத்தின்ட இந்தத் தலைப்பில இருந்து அந்தத் தலைப்பு. விடிய வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறி, மத்தியானம் போய்ச் சேந்தன். பாத்தா, ஆரோ தகரத்தை வெட்டி ஒட்டின பக்கட். ஏறி நிண்டா நெளியுது. அந்த மனுசன் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுறார், ரெண்டு ஏக்கருக்கு இது காணாதோ அண்ணை எண்டு. ரெண்டு ஏக்கர் எண்டா அவருக்குக் கிள்ளுக்கீரை. பஸ்ஸில வரேக்க வந்த ஆத்திரத்துக்கு, பக்கத்துச் சீட்டுக்காரர் நேரம் கேட்டதுக்கும் நான் எரிஞ்சு விழுந்தன், பாவம்.

பிறகு உப்புவெளியில ஒண்டு. கடற்கரையில வள்ளம் இழுத்த மிஷின். மேலுக்குப் புதுப் பெயின்ற், அடியில நகத்தால சுரண்டினா கறள் சீவல் சீவலா வருது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பக்கட்டை இறக்கிக் காட்டுங்க எண்டன். தொப்பெண்டு விழுந்தது தம்பி, மண் என்ட முகத்தில அடிச்சது. மெதுவா இறக்க ஏலாதோ எண்டு கேட்டா, மண் கொட்டுற பக்கட் மெதுவா இறங்கினா என்ன, கெதியா இறங்கினா என்ன எண்டு என்னைத் திருப்பிக் கேக்கிறார். நானும் பஸ் ஏறி வந்திட்டன்.

பிளேன்டி நல்லா இருக்கு. இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஆனா களைப்புக்குச் சுகமா இருக்கு. உம்மாட்டச் சொல்லுங்க.

பாத்தீங்களோ, நீங்களும் அதையேதான் கேக்கிறீங்க. ரெண்டு ஏக்கர் வயலுக்கு முன்பக்கட் என்னத்துக்கு. என்ட மச்சானும் இதைத்தான் கேட்டுச் சிரிச்சவர். சந்தியில கடை வச்சிருக்கிறவனும் கேட்டவன். நான் சொல்லுற பதில் ஒண்டு இருக்கு, பாடமாக்கி வச்சிருக்கிறன்: மாட்டெரு அள்ளலாம், வரம்பு உயத்தலாம், வளவுக்கு மண் நிரப்பலாம். பொய்யில்ல, எல்லாம் செய்யலாம்தான். அதுக்கு நாள் கூலிக்கு மண் கிண்டுற பெக்கோ ஒண்டைப் பிடிக்கலாமே எண்டு சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். ஆறு பெருகி வரேக்க பெக்கோக்காரன் என்ட வாசலிலயோ வந்து நிக்கப்போறான்? அவனவனுக்கு அவனவன்ட வீடு.

இல்ல, பின்னுக்குக் கொழுவி இழுக்கிற பெட்டி எனக்கு வேணாம். தெரியும், பெட்டி இருந்தா நெல்லும் ஏத்தலாம், ஆளும் ஏறலாம். வேணாம். நீங்க சும்மா தாறன் எண்டாலும் வேணாம். பெட்டிக் கதையை விடுங்க தம்பி.

கோவமில்ல. சத்தமாக் கதைச்சுப்போட்டன் போல. உங்களில என்ன கோவம் எனக்கு? வீட்டில இருந்து வாற கரைச்சல், போற இடமெல்லாம் என்னோட வருது. மகள் ஜதுசாவை உப்புவெளியிலதான் கட்டிக் குடுத்திருக்கு. போன மாரி வெள்ளத்துக்குப் பிறகு அவ ஒரே பிடி. இன்னொருக்கா தண்ணி வந்தா அம்மாவை வெளியில எடுக்க உங்களிட்ட என்ன இருக்கு எண்டு கேட்டா. மாரிக்கு முதல் அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போறன், நீங்க வாறதெண்டா வாங்க, இல்லாட்டி வயலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடவுங்க எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டா. பெத்த பிள்ளை. அவ சொல்லுறதிலயும் பிழையில்ல, அதுதான் எனக்கு இன்னும் விசரா இருக்கு.

என்ட மனுசி கமலேஸ்வரி அசைய மாட்டன் எண்டுறா. மகள்ட வீட்டு அறைக்குள்ள இருந்து சுவரைப் பாக்கிறதோ, இஞ்ச எண்டா வயலுக்கு வாற கொக்கையாவது ஏசலாம் எண்டுறா. ஏசுவா தம்பி. கொக்கை மட்டுமில்ல, என்னையும்தான். நான் வரம்பு கட்டுறதை வாசலில இருந்து பாத்துக்கொண்டே, அங்க பள்ளம், இஞ்ச மேடு எண்டு சொல்லுவா. முதல்ல எனக்குக் கோவம் வரும். பிறகு போய்ப் பாத்தா அவ சொன்ன இடத்திலதான் தண்ணி தேங்கி நிக்கும். அவவைக் கொண்டுபோய் அந்த அறைக்குள்ள விட்டா ஒரு வருசம் தாங்க மாட்டா, எனக்குத் தெரியும். அவ இல்லாத வளவில நானும் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? அதுதான், மிஷின் ஒண்டு வாங்கி வாசலில நிப்பாட்டுறன், பிறகு நீ ஒண்டும் கதைக்கக் கூடாது எண்டு மகளிட்ட வாய் குடுத்துப்போட்டன். இப்ப புரட்டாதியும் பிறந்திட்டுது. மழை எனக்காகப் பாத்துக்கொண்டோ நிக்கப்போகுது?

வாங்க, போய்ப் பாப்பம். நான் குனியிறன், நீங்களும் அந்தப் பக்கத்தால பாருங்க. விரலை விடுங்க. நுழையுதோ? எனக்கும் நுழையுது. அப்ப பதியேல்ல. நல்லது, முதல் முறையா ஒரு மிஷின் சொன்ன சொல்லில நிக்குது. இப்ப எஞ்சினைப் போட்டு நிலத்தில சப்பையா வையுங்க. இன்னும். முன் விளிம்பு மண்ணோட படோணும்.

இந்தப் பல்லுகளைக் கழட்டலாமோ? தெரியும் தம்பி, பல்லு இருந்தாத்தான் இறுகின மண்ணைக் கிண்டும். விளிம்பு தேயாதெண்டும் தெரியும். எனக்கு வேணாம். முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிண்டா சில்லுத் தடக்கும். கழட்டிப்போட்டு விளிம்பை உரஞ்சி மட்டமாக்கித் தாங்க. சீட்டுப் புதுசாப் போட்டுத் தாறீங்க, இவன் நான் கேட்டது அது இல்ல எண்டுறான், பல்லுப் புதுசு, அதையும் கழட்டெண்டுறான், இவனுக்கு விசரோ எண்டு நினைக்கிறீங்க. முகத்தில தெரியுது. நினைச்சாப் பரவாயில்ல.

தடியைத் தாங்க. பக்கட்டுக்குள்ள வச்சுப் பாக்கிறன். முன்னுக்கு இருந்து பின் சுவருக்கு. ஆ, பிடிக்குது. முட்டாம, இடிக்காம, இன்னும் கொஞ்சம் இடமும் மிச்சம்.

இதுவோ? இது அளவு தடி. கதிரையின்ட அளவு. நான் போனில கேட்ட கதிரை இதுதான் தம்பி. எங்கட வீட்டில இருக்கிற கைபிடிக் கதிரை, உருட்டுறதுக்கு அடியில நாலு சில்லுப் பூட்டினது. கமலேஸ்வரி அதிலதான் இருக்கிறவ. அவவுக்கு முள்ளந்தண்டில வருத்தம், இடுப்புக்குக் கீழ ஒண்டும் ஏலாது. வாசலில இருந்து ஏசுவா எண்டு சொன்னேனே, வேற எங்க போறது, அந்தக் கதிரையில இருந்துதான் ஏசுறவ.

முதலே சொல்லியிருக்கலாம்தான். சொல்லிப் பாத்தனான். மச்சானுக்குச் சொல்ல, ஆளைப் பக்கட்டில ஏத்துறதோ, எருவோ அள்ளப்போறாய் எண்டு சிரிச்சவர். அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்ல. அவவும் சொல்லி விட்டவ, போற வாற இடமெல்லாம் என்ட கதையைச் சொல்லி மிஷின் கேக்காதேங்க, ஆக்கள் பாவம் பாத்து விலை குறைக்கிற அளவுக்கு நான் போகேல்ல எண்டு.

பெட்டியில ஏத்தலாமே எண்டு இப்பவும் நினைக்கிறீங்க. போன மாரியில பெட்டியிலதான் ஏத்தினது. தண்ணி குசினிக்குள்ள வந்திட்டுது, ஊர்ப் பொடியங்கள் மிஷின் கொண்டு வந்தாங்கள். நல்ல பொடியங்கள், அவங்கள் இல்லாட்டி இண்டைக்கு அவ இல்ல. ஆனா பெட்டி நெஞ்சளவு உயரம். ரெண்டு பேர் காலில, ரெண்டு பேர் கையில பிடிச்சு, நெல்லு மூட்டை ஏத்துற மாதிரித்தான் ஏத்த முடிஞ்சது. சீலையெல்லாம் விலகிப் போச்சு. மேட்டில ஊர் முழுக்க நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது. நான் தண்ணிக்குள்ள நிண்டு கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், கதிரை அள்ளுப்பட்டுப் போயிடும் எண்டு. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு.

அவ அழேல்ல. வெள்ளம் வடியும் வரைக்கும் பள்ளிக்கூடத்திலதான் தங்கியிருந்தம். வீட்ட திரும்பி வந்த பிறகுதான் சொன்னவ. எனக்குக் கால்தான் ஏலாது, கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, சீலையை நானே இழுத்து மூடியிருப்பன், ஆனா கை ரெண்டையும் அவங்கள் பிடிச்சிருந்தாங்கள் எண்டா. பிறகு சொன்னா, இனி என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது, தண்ணி வந்தா வரட்டும், நான் இருக்கிற இடத்தில இருப்பன் எண்டு. பகிடிக்குச் சொல்லுற ஆள் இல்ல அவ. மகளுக்கு இது தெரியாது.

அதுதான் தம்பி. அவ இருந்தபடியே ஏறோணும், இருந்தபடியே இறங்கோணும். கை ரெண்டும் அவவின்ட மடியில இருக்கோணும். ஆபத்துத்தான், தெரியும். கதிரையைப் பக்கட்டோட பட்டி போட்டுக் கட்டுவன், ஊர்ந்துதான் போவன். வந்த உடன உங்கட புதுச் சீட்டில ஏறி இருந்து பாத்தன், கொஞ்சம் உயரமா இருக்கிறபடியா பக்கட்டின்ட உள்பக்கம் முழுக்கத் தெரியுது. அவவின்ட தலை என்ட கண்ணுக்குத் தெரியும். அப்ப நீங்க போட்ட கதிரையும் வீண் போகேல்ல.

விலைக் கதை பிறகு. வீட்டுக்குள்ள கதிரை ஒண்டு இருந்தாக் கொண்டு வாங்க, பிளாஸ்டிக் எண்டாலும் பரவாயில்ல. பக்கட்டுக்குள்ள வையுங்க. இல்ல, நான்தான் ஏறி இருக்கப்போறன். நீங்க போய்த் தூக்குங்க.

மெதுவா. இன்னும் மெதுவா. ம், காணும். இஞ்ச இருந்து பாலம் தெரியுது. அங்கால குடாவில கப்பல் ஒண்டும் நிக்குது. அவவுக்குப் பிடிக்கும்.

இப்ப இறக்குங்க. இல்லத் தம்பி, நிலத்தில படேக்க ஒரு குலுக்கு வந்தது. எனக்கெண்டா அது ஒண்டுமில்ல. திருப்பித் தூக்குங்க. இந்த முறை நான் இருக்கிறன் எண்டு நினைக்காதேங்க. அவ இருக்கிறா எண்டு நினைச்சு இறக்குங்க.