மலை இல்லாத கட்டம்

கீழ்பென்னாத்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும்.

“போன வாரம் வானத்து உச்சியில கந்தகம் தூவிப் பாத்தேம்மா.”

“ஐயோ! என்னாடி சொல்ற?”

“கம்ப்யூட்டர்லதாம்மா, நெஜமா தூவினா என்னாவும்னு ஆராய்ச்சி பண்றோம். அந்தத் தூளு மேலயே நின்னு வெயில மறைக்குது. சூடு கம்மியாவுது. ஆனா நம்ம பக்கம் மழையும் கம்மியாவுது.”

“நம்ம மல்லாட்டைக் கொல்லையிலயா? கடலைச் செடி காஞ்சிடுமேடி.”

“அவ்ளோ சின்னதெல்லாம் அதுல தெரியாது. பூமியையே கட்டம் கட்டமா பிரிச்சிருக்கும், இந்த ஜில்லா முழுக்க ஒரே கட்டம்.”

“அந்தா அவ்ளோ பெருசா நிக்குதே, அந்த மலையாவது தெரியுதா?”

“இல்லம்மா.”

தாய் ஜன்னல் வழியே திரும்பி மலையைப் பார்த்தார்.

“நெஜமாவே தூவப் போறவங்களும் இதப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்களா?”

“இதையும் பாப்பாங்க.”

“அப்ப மலை இருக்கு, கீழ நாங்க இருக்கோம்னு அதுல எழுதி வைடி.”