ஈரடுக்குப் பாலத்து ஏத்தம்

— அப்போ கரண்டு அளக்கற சென்சார் பொய் சொல்றதுங்கறீர், மீரான்?

— நான் சொல்லல, சுந்தர்ராமன் சார்வாள். டாங் டெஸ்டர் சொல்லுது. மோட்டாருக்குப் போற வயரைக் கவ்விப் பிடிச்சா முப்பது ஆம்ப்பு. உங்க கம்ப்யூட்டர்ல அறுபது. ஒரே வயரு, ஒரே கரண்டு. ரெண்டுல ஒண்ணு புளுகணும்லா?

— உம்ம டெஸ்டர் மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில வாங்கினதா ஓய்?

— ஆமா, ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்குனதுக்கு இனாமாத் தந்தான். துபாய்ல ஒம்பது வருசம் மோட்டார் கட்டுன கையி சார்வாள் இது.

— பதினோரு மணிக்கு விசாரணைக் கமிட்டி. டிரைவர் அருமைநாயகம் ஆக்சிலேட்டரைக் கண்டபடி மிதிச்சே வண்டியைக் கெடுத்தான்னு நான் எழுதிக் குடுத்தாச்சு. ஈரடுக்குப் பாலத்து ஏத்தத்துல மூணு தடவை நின்னிருக்கு. மூணு தடவையும் இருநூறு ஆம்பியர் தாண்டி, மோட்டாருக்குக் கரண்டு குடுக்கற இன்வெர்ட்டர் தானே அணைஞ்சிருக்கு. இதோ பிரிண்ட்.

— பேப்பர் சொன்னா வேதம். மனுசன் சொன்னாத்தான் சந்தேகம். பதினாலு வருசமா காலேஜ் பஸ் ஓட்டுதான், ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. இன்னைக்கு அவன் வேலை போவப் போவுது.

— ஜப்பான்காரன் போன வருஷந்தான் பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த காரை ரோட்டுல விட்டான். அதை நான் இங்கே நம்ம காலேஜ்ல ஒரு பழைய வேன்ல பண்ணிக் காட்டியிருக்கேன். அதைப் போய் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினா?

— மாட்டு வண்டின்னா ஏத்தம் ஏறியிருக்குமே.

— நக்கல் போறும். சென்சார் கெட்டுப்போச்சுன்னு போன வாரம் மூணும் புதுசு வாங்கித் தந்தேனே. அதுவும் இதையேதானே காட்டறது?

— அதான் எனக்கும் உறுத்துது. கெட்டுப்போன சாமான்னா இஷ்டத்துக்கு ஒளறும். இது, வண்டி நிக்கையில பூச்சியம்னு ஒழுங்காச் சொல்லுது. ஓடுனா மட்டும் சரியா ரெட்டிப்பு. இம்புட்டுக் கறாராவா ஒரு சாமான் கெடும்? சென்சார் பெட்டி மூடியக் கழத்துதேன். டார்ச்ச இங்கன பைய சாச்சுப் பிடிங்க.

— பிடிச்சிருக்கேன்... என்ன ஓய், மூஞ்சி செத்துப்போச்சு?

— யா அல்லா!

— என்னன்னு சொல்லித் தொலையும்!

— சென்சாருன்னா ஒரு வளையம். வயரு அதுக்குள்ள ஒருக்க நுழைஞ்சு வெளிய போவணும். இங்கன மோட்டாருக்குப் போற மூணு வயருக்கும் மூணு வளையம், மூணுலயும் ரெண்டு தடவ சுத்தியிருக்கு. ஒரே கரண்டு ரெண்டு தடவ போனா, அது ரெண்டாத்தான எண்ணும்? ஏத்தத்துல நூத்திப்பத்து இழுத்தா இருநூத்தி இருவது. இன்வெர்ட்டர் பயந்து படுத்துருது.

— எந்த மடையன் அப்படிச் சுத்தினான்?

— அந்த மடையன் மூஞ்சிலதான் டார்ச்சு அடிக்கிய.

— நீரா!

— குலுங்குத வண்டியாச்சே, கெட்டியா இருக்கட்டும்னு ஒரு சுத்துக் கூடப் போட்டேன். கன்னுக்குட்டியக் கட்டுதவன்கூட கம்புல ரெண்டு சுத்துப் போடுவாம்லா. புது வளையத்துக்கும் அதே அக்கறைதான்.

— பேஷ்! நாலு மாச ஆராய்ச்சிக்குக் கன்னுக்குட்டி முடிச்சு! உம்மைத்தான் ஓய் கமிட்டியில நிறுத்தணும்.

— நிறுத்துங்க, வாரேன். இன்னொண்ணும் இருக்கு, சொல்லவே கேவலமா இருக்கு. வயரு சுத்துன அன்னைக்கு அருமைநாயகம் பக்கத்துல நின்னான். "அண்ணாச்சி, வயரிங் படத்துல வயரு ஒரு தடவதான உள்ள போவுது, நீங்க ரெண்டு தடவ விடுதியளே"ன்னான். "நீ ஸ்டியரிங்கப் பிடி லே, வயர நான் பாத்துக்கிடுதேன்"னு சிரிச்சேன். அவன் சொன்னதக் கேட்டிருந்தா...

— எங்கிட்டயும் அந்தப் படத்தை எடுத்துண்டு வந்தான் ஓய்.

— வந்தானா? நீங்க என்ன சொன்னிய?

— ஒண்ணும் சொல்லலை. கமிட்டிக்குக் குடுத்த மெமோல எழுதினேன். முதல் குற்றமே அதுதான்: "டிரைவர், பேராசிரியருக்கே பாடம் நடத்தியது."