பல்லக்குத் தோள்

— கையைச் சும்மா தொங்கவிட்டு மெதுவா ஆட்டுங்க, ராமானுஜம் சார். கோயில் மணி அடிக்கச் சொல்லல.

— இது ஆட்டறதா? தெப்பக்குளத்துப் பாசிகூட இதவிட வேகமா ஆடும். மஹ்விஷ், வெள்ளிக்கிழமை பெருமாள் புறப்பாடு. பல்லக்குல முன்தண்டு, வலது பக்கம், என் இடம். முப்பத்திரண்டு வருஷம்.

— தோள்ல ஆபரேஷன் ஆகி ஆறு வாரந்தான் ஆச்சு. கிழிஞ்ச தசைநாரை எலும்போட சேத்துத் தச்சிருக்காங்க. இன்னும் சரியா ஒட்டல.

— தச்சாளா? பத்து ஆணி அடிச்சா. எல்.ஐ.சி. கட்டடத்துக்கே அத்தனை அடிச்சிருக்க மாட்டா.

— மூணு. குட்டி ஸ்க்ரூ. ஏன் எழுந்து எழுந்து நடக்கறீங்க?

— உக்காந்தா சுப்பராமன் மூஞ்சி வரது. எனக்குப் பின்னாடி தூக்கறவன். ஒரு வருஷம் நகந்தேன்னா என் இடம் அவனுக்கு. இடது தோள்ல தூக்கிக்கறேனே? வலது கை இந்தக் கழுத்துத் தூளியிலயே தூங்கட்டும்.

— கால் இடறினா வலது கை தானா நீளும். ஒரு தடவை போதும், தையல் பிரிஞ்சுடும். அப்புறம் தலை வாரக்கூடக் கை ஏறாது.

— வாரறதுக்கு என்ன இருக்கு இங்க?

— எவ்வளவு கனம் இருக்கும் பல்லக்கு?

— ஒரு யானை. மழைல நனைஞ்ச யானை. அதுல பாதி என் தோள்ல.

— சட்டையை இறக்குங்க, தழும்பு பாக்கணும். சார், பல்லக்கு தூக்கறவங்க ரெண்டு பேரு எங்கிட்ட பிசியோதெரபிக்கு வந்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் தோள்ல எலுமிச்சம்பழம் மாதிரி காய்ச்சுப்போயிருந்தது. உங்களுக்கு ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கே.

— சந்தனம் தடவுவேன்.

— சார். எந்நேரமும் கையை மேல தூக்கியே வேலை செய்றவங்களுக்குத்தான் மேல் எலும்புல உரசி உரசி இப்படிக் கிழியும். சுவருக்கு பெயின்ட் அடிக்கறவங்களுக்கு வரும். உங்களுக்கு எப்படி?

— கதவைச் சாத்து. வெளில எங்காத்து மாமி உக்காந்திருக்கா, காதுல விழப்போறது.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— மத்தவா எல்லாம் ஆறடி. நான் அஞ்சடி ஒரு அங்குலம். தண்டு என் தோளைத் தொட்டதே இல்லம்மா. கையை ஒசத்தி அதைப் பிடிச்சுண்டே நடந்தேன், அவ்வளவுதான்.

— முப்பத்திரண்டு வருஷமுமா? யாருக்கும் தெரியாதா?

— ஒருத்தனுக்குத் தெரியும். வாயே திறக்கல.

— யாரு?

— சுப்பராமன். என் பங்கையும் சேத்து அவன்தானே தூக்கிண்டு வரான்.