சுவிட்சில் கட்டிய துண்டு

ரெத்தினத்தின் உயிருக்கு நாங்கள் பேசி முடித்த விலை ஆறரை லட்சம். அவர் மைத்துனர் பதினைந்தில் ஆரம்பித்தார், நான் மூன்றில். கும்பகோணம் கடைத்தெருவில் பாத்திர வியாபாரிக்குப் பிறந்தவன் இன்ஸ்பெக்டர் சார் நான். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். முதலாளி எட்டு வரை போகச் சொல்லியிருந்தார். ஒன்றரை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.

கடைசியில் ரெத்தினத்தின் மனைவி செவ்வந்தி ஒன்று கேட்டார். "அவரு துண்டு எங்க சார்?"

அவர் ஏன் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். திருவாரூர் பக்கம் எங்கள் அரிசி ஆலை. களத்தில் நெல் பிடிப்பதிலிருந்து, அரிசி மூட்டை தூத்துக்குடியில் கப்பலேறுவது வரை என் பொறுப்பு. அவித்துக் காயவைத்த நெல், மூன்று மாடி உயர இரும்புக் குதிரில் கிடக்கும். சில சமயம் ஈரம் தங்கி மேலே பாளம் கட்டிவிடும். அடியில் ஓடும் கன்வேயர் பட்டைக்கு ஒரு மணி நெல்கூட இறங்காது. அப்போது மேல்வாசல் வழியாக ஒருவர் உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தி உடைப்பார். இறங்குமுன் தன் துண்டைக் கன்வேயர் சுவிட்சில் கட்டிவிட்டுப் போவார். ஏறி வந்து அவரேதான் அவிழ்க்க வேண்டும். ஆள் உள்ளே நிற்க கன்வேயர் ஓடினால், நெல் அவரைக் காலோடு பிடித்துக் கீழே இழுத்துக்கொள்ளும். அதனால் இன்னொருவர் துண்டை யாரும் தொடமாட்டார்கள்.

ரெத்தினம் கட்ட மறந்துவிட்டார், ஆள் இருப்பது தெரியாமல் ஓட்டிவிட்டோம் என்று அறிக்கை எழுதினேன். செவ்வந்தி அதை நம்பவில்லை. "சந்தைக்குப் போனா செருப்பையே மறந்துட்டு வர்ற மனுசன்தான் சார். உள்ள எறங்குறப்ப துண்ட மறக்கமாட்டாரு" என்றார். மறதி எல்லாருக்கும் வருவதுதான் என்று ஆறுதல் சொன்னேன். பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு போனார். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு அது உறுத்தும்.

நடந்தது இதுதான். அன்று மாலைக்குள் கன்டெய்னர் நிரம்ப வேண்டும். கப்பல் தவறினால் சிங்கப்பூர்க்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வார். நாற்பது குடும்பம் வேலையில்லாமல் நிற்கும். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். ரெத்தினம் ஏறி வந்திருப்பார், அவிழ்க்க மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். துண்டு வேர்வையில் நனைந்திருந்தது. அவிழ்த்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டேன்.

கம்பி இரும்புச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. கன்வேயர் சத்தம் கொஞ்சம் கனத்து மறுபடி லேசானது. நெல் தடையில்லாமல் இறங்கியது.

இப்போது என் வீட்டில், பானையில் அரிசி போடும்போதெல்லாம் மனைவி கரண்டியால் பானையைத் தட்டுகிறாள். கேட்டால், "நான் எங்கங்க தட்டுனேன்" என்கிறாள். துண்டை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். சித்திரை வெயில் முழுக்க அடித்து ஓய்ந்துவிட்டது. அது இன்னும் காயவில்லை. இதோ, தொட்டுப் பாருங்கள்.

கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று அன்று காலையிலேயே என் போனுக்குச் செய்தி வந்திருக்கிறதே என்கிறீர்கள். வந்தது. படித்தேன்.

அப்புறம் ஏன் என்றால், அன்று ரெத்தினம் துண்டைக் கட்டும்போது, சீக்கிரம் ஆகட்டும் என்று விரட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது தொங்குற வரைக்கும் இங்க நாந்தான் மேனேஜரு. நீங்க போயி நெழல்ல ஒக்காருங்க சார்." சுமை தூக்குகிறவர்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஆறு பேரும் சிரித்தார்கள்.

ஆகவே கப்பலைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள், குடும்பங்களையும் அடித்துவிடுங்கள். லட்சங்கள் முதலாளியின் கணக்கு. என் கணக்கில் ஒரு பக்கம் ரெத்தினம், மறுபக்கம் அந்தச் சிரிப்பு. எத்தனையோ தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன் சார், இரண்டு பக்கமும் நேராகத்தான் வருகிறது.